கூடாரவியல்: ஆம்பூர் உரை

நூல் என்று எழுதப் புகுந்தால் முன்னால் ஒரு பாயிரம் வேண்டும் என்பது மரபு. அதை மீறும் துணிவு நமக்கு இல்லை. நுதலிய பொருள், முதுகில் சுமந்துபோய் இருவர் படுத்து எழக்கூடிய, சில வருடமாவது கிழியாமல் உழைக்கக்கூடிய சிறு கூடாரம். வழங்கும் எல்லை, கிழக்கே இராணிப்பேட்டை, மேற்கே வாணியம்பாடி, வடக்கே பேரணாம்பட்டு, தெற்கே ஜவ்வாது மலை. கேட்டற்கு உரியோர், சனிக்கிழமை ஷூ கம்பெனியில் வேலை முடித்துக் கிளம்பி, திங்கள் காலை கம்பெனி வேன் வருவதற்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள். பயன், காய்ந்த முதுகோடு கண் விழித்தல். முதல் நூலா, வழி நூலா எனின், வழி நூலே. மூலம், தோல் ஷாப்பில் தரம் பிரிக்கும் மேசை.

கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். கூடாரம் பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி பனி விழும் நாடுகளில் பிறந்தது. கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு அது முக்கால்வாசி பொருந்தாது. இங்கே தலைமுறைகளாகப் புழங்கும் சாத்திரம் ஒன்று உண்டு. வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் மேசை போட்டு, பதனிட்டு வந்த தோலை விரித்து, உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல், வயிற்றுப் பக்கத் தளர்ச்சி எல்லாம் கணக்கில் சேரும். சுத்தமாக வெட்ட எவ்வளவு கிடைக்கும் என்பதை வைத்துத் தரம் விழும். மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு என்ன பெருமை பேசுகிறது என்று அந்த மேசையில் யாரும் கேட்பதில்லை. குறையை வைத்துத் தரம் பிரிக்கும் அந்த முறையைக் கூடாரத்தின்மேல் ஏற்றுவதே இவ்வுரையின் வேலை.

கூடாரம் சுமையால் இருவகைப்படும்: யானை சுமப்பது, ஆள் சுமப்பது. முன்னதற்கு இவ்வட்டாரத்தில் வரலாற்றுச் சிறப்பு மிகுதி. 1749 ஆகஸ்டில் ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் மாண்டது ஆம்பூர்ப் போர்க்களத்தில்தான். படை நடந்தால் அதன் பின்னால் ஒரு துணி நகரமே நடந்த காலம் அது. திப்பு சுல்தானின் பூவேலைச் சீட்டித்துணிக் கூடாரம் இன்று வேல்ஸ் நாட்டில் போவிஸ் கோட்டையின் உடைமை. அவர் பிள்ளைகளோ அவர் வீழ்ந்த 1799க்குப் பின் வேலூர்க் கோட்டைச் சுவருக்குள் இருத்தப்பட்டார்கள். 1806 ஜூலையில் அதே கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்குப் புதுத் தலைப்பாகையில் செருகச் சொன்ன தோல் சின்னமும் ஒரு காரணம் என்பதை, தோல் நாட்டு உரையாசிரியன் என்ற முறையில் சொல்லாமல் நகர முடியவில்லை. யானை வகை இத்துடன் விலக்கப்பட்டது.

ஆள் சுமப்பது உருவத்தால் ஐவகை. அவை கூரை, குவி, குழல், கோல், குதி என்பன.

கூரையாவது, இரு முனையிலும் கம்பு நிறுத்தி நடுவே முகடு ஓடுவது. மலையேறி எட்வர்ட் விம்பர் 1860களில் ஆல்ப்ஸ் மலையில் விரித்தது இந்த இனம்தான். என்.சி.சி. முகாமில் நம்மில் பலர் படுத்த கித்தான் கூடாரம் இதற்குப் பெரியப்பா முறை. குவியாவது, வளையும் இரு கோல்கள் உச்சியில் ஒன்றையொன்று கடக்க, தன் காலில் தானே நிற்பது. குழலாவது, வளைவுகள் வரிசையாக நின்று நீளமாகப் போவது. காற்றுக்கு நல்லது, ஆனால் முளை இறங்காத இடத்தில் படுத்துவிடும். கோலாவது, கையில் ஊன்றி நடந்த தடியையே இரவில் தூணாக நிறுத்துவது. எடையில் இதை வெல்ல ஆளில்லை. இந்தப் பக்கத்து மலைகளில் தடி ஊன்றி நடப்பவர்களோ எழுபது வயதைக் கடந்த ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கு வீடு பக்கத்திலேயே இருக்கிறது. குதியாவது, பையை அவிழ்த்து வீசினால் தானே குதித்து விரிவது. விரிய இரண்டு விநாடி, மடிக்க இரண்டு மச்சான்கள். மடித்த பின்பும் பெரிய வட்டத் தட்டாகவே இருக்கும். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகும் பஸ்ஸில் அதை ஏற்றிப் பார்த்தவர்களுக்குக் கண்டக்டரின் கருத்து தெரியும்.

ஐந்தில் எது சிறந்தது எனின், நிலத்தைக் கேட்க வேண்டும். ஏலகிரியிலும் ஜவ்வாதிலும் படுக்கத் தோதான இடத்தில் பெரும்பாலும் இரண்டு விரற்கடை மண்ணுக்குக் கீழே பாறை. முளை வளையும், அடித்த கல் உடையும், அடித்தவர் வாய் கெடும். ஆகவே தானே நிற்கும் குவி. கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்டினால் போதும். கூரையும் குழலும் தஞ்சாவூர் வண்டலுக்கு உகந்தவை. அங்கே ஏற மலையில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து, இருவர் என்னும் எண். தயாரிப்பாளர் சொல்லும் இருவரும், தாயார் பெற்ற இருவரும் ஒரே அளவினர் அல்லர். பெட்டியில் இருவர் என்று எழுதிய கூடாரத்தின் தரை பெரும்பாலும் 130 செ.மீ. அகலம், 215 செ.மீ. நீளம். காற்றடைத்த படுக்கை ஒன்றின் வழக்கமான அகலம் 51 செ.மீ. இரண்டு போட்டால் 102, மிச்சம் ஒரு சாண் சொச்சம். அகலப் படுக்கை 64 செ.மீ. என்றால் இரண்டு போட்டதும் தரை தீர்ந்தது. இரு முதுகுப்பைகளும் வாசலில்தான் உறங்க வேண்டும்.

இது குறைவு என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. ரோமப் படையில் எட்டுப் பேருக்கு ஒரு கூடாரம். அது ஆட்டுத்தோலாலோ கன்றுத்தோலாலோ தைத்தது என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. வட இங்கிலாந்தில் விண்டொலாண்டா என்னும் எல்லைக் கோட்டையின் ஈர மண்ணுக்குள் அந்தத் தோல் துண்டுகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. பக்கத்துக்குப் பத்து ரோமானிய அடி, அதாவது மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆளுக்குச் சுமார் 1.1 சதுர மீட்டர் விழுகிறது. நம் கூடாரத்தில் ஆளுக்கு 1.4. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்தில் மனித இனம் சம்பாதித்தது கால் சதுர மீட்டர் சொச்சம். ரோமானியனுக்கு ஒரு சலுகை இருந்தது, எட்டில் சிலர் இரவுக் காவலுக்குப் போய்விடுவார்கள்.

இருவர் நால்வகைப்படுவர்: நெருங்கிப் படுப்பவர், நெருங்கிப் படுக்க மறுப்பவர், குறட்டை விடுபவர், குறட்டையைக் கேட்பவர். பின் இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவரிடத்து அமையா. நால்வகைக்கும் பொதுவான விதி ஒன்றே, கதவு இரண்டு இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு சிறு தாழ்வாரம். தலைமாட்டில் ஒற்றைக் கதவு வைத்த கூடாரத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு "மச்சான், கொஞ்சம் காலை மடக்குடா" என்ற குரல் எழும். மடக்கியவன் மறுநாள் மதியம் வரை பேசமாட்டான். எடை குறைக்கிறேன் என்று இரண்டாவது கதவை விட்டவர்கள் மிச்சம் பிடித்தது சுமார் இருநூறு கிராம்.

இனி நூலின் நடுப்பகுதி. வியர்வையியல் என்று இதற்குப் பெயர். கூடாரம் வாங்குபவர் எல்லாரும் மழையைப் பற்றிக் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வரும் நீர் இந்த வட்டாரத்தில் வருடத்தில் சில மாதப் பகை. உள்ளிருந்து வரும் நீர் பன்னிரண்டு மாதப் பகை. ஆம்பூரில் ஷூ செய்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் தொழிலின் பாதிச் சிக்கல் இதுதான்: வெளித் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, உள்வியர்வை வெளியே போக வேண்டும், இரண்டும் ஒரே சுவரில் நடக்க வேண்டும். தோல் அதை ஓரளவு செய்யும், அதன் நார்களுக்கு இடையே ஆவி நகரும். ரெக்ஸின் செய்யாது. கூடாரத் துணியோ பூச்சுப் பூசிய நைலான் அல்லது பாலியெஸ்டர். மழையைத் தடுக்கும் அதே பூச்சு ஆவியையும் தடுக்கும். அந்த வகையில் ஒற்றைச் சுவர்க் கூடாரம் ரெக்ஸின் ஷூவே.

ஒருவர் உறங்கும் இரவில் மூச்சாலும் தோலாலும் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் விடுகிறார். இருவர் என்றால் அரை லிட்டர். ராத்திரி ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காயும் பார்சல் பிரித்துச் சாப்பிட்டிருந்தால் மேலும் கூடும் என்பது உரையாசிரியன் ஊகம், ஆய்வு அன்று. இந்த அரை லிட்டர் எங்கே போகும்? குளிர்ந்த பரப்பு எதுவோ அதில் போய் ஒட்டும். ஒற்றைச் சுவரில் அது உங்கள் முகத்துக்கு மேலே. விடிகாலையில் யாராவது புரண்டு முழங்கை பட்டால் உள்ளே மழை. இரட்டைச் சுவரில் உள்கூடு வலை, வெளிப்போர்வை தனி. ஆவி வலை வழியாகக் கடந்து போர்வையின் உட்புறத்தில் துளியாகி, சரிந்து வெளியே வழியும். வலையும் போர்வையும் ஒட்டாமல் ஒரு கையளவு இடைவெளி இருக்கும்வரை இந்த ஏற்பாடு நிற்கும். கடையில் பார்க்க வேண்டிய முதல் குறை அந்த இடைவெளி. மேலே காற்றுப்போக்கி உண்டா, அது மழையில் திறந்தே இருக்குமா என்பது இரண்டாவது.

இதில் காவலூருக்கு ஒரு தனிப் பாடம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூரை வான ஆய்வுக்குத் தேர்ந்தது இருட்டும் தெளிவுமான வானத்துக்காக. 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. அதற்கு வானியலாளர் வைணு பாப்பு பெயர். 1988இல் அங்கிருந்து கண்டெடுத்த சிறுகோளுக்கு இராமானுஜன் பெயர். நட்சத்திரம் பார்க்கிறேன் என்று அந்தப் பக்கம் கூடாரத்தோடு போகிறவர்கள் தேடுவதும் அதே மேகமற்ற வானத்தை. விண்ணியலாருக்கு நல்ல இரவு, கூடாரத்துக்குக் கெட்ட இரவு. வானம் மூடியில்லாமல் இருந்தால் போர்வைத் துணி தன் சூட்டை நேரே மேலே அனுப்பிவிட்டுச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். தை மாதத்தில் ஒரு துளி மழையில்லாமலே உள்ளும் புறமும் சொட்டும். அதே இரவில் பத்தடி தள்ளி ஒரு புளிய மரத்தின் கீழ் விரித்தவர் காய்ந்து எழுவார். பட்ட கிளை இல்லாத மரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடைக்கரைப் பள்ளத்தில் விரிப்பவருக்கு மேலும் நனைவு உண்டு, குளிர்ந்த காற்று இரவில் அங்கேதான் இறங்கித் தேங்குகிறது. அவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி.

துணியியலில் எண்வாதியர் என்றொரு மதத்தார் உளர். அவர் கடவுளர் இருவர்: டெனியர், நீர்த்தூண். நூல் 9,000 மீட்டர் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். துணியின்மேல் எத்தனை மில்லிமீட்டர் உயர நீரை நிறுத்தினால் கசியுமோ அது நீர்த்தூண். போர்வைக்கு 1,500 மி.மீ. இருந்தால் நம் இடிமழை தாங்கும். தரைக்கு இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் மழைத்துளியைவிட முழங்கால் கனமானது. இந்த எண்கள் புதுத் துணிக்கு உரியவை. மூன்றாம் வருடத்து எண்ணை எந்தச் சீட்டும் சொல்லாது.

மூன்றாம் வருடத்தில் நடப்பது இவ்வட்டாரத்தில் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. குடோனில் கிடந்த பழைய ஷூவை எடுத்துப் போட்டு நாலடி நடந்ததும் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்வதைப் பார்க்காதவர் ஷூ ஊரில் யார்? அது பி.யு. சோல். பாலியூரித்தேன், ஈரமும் சூடும் சேர்ந்தால் தண்ணீரால் அறுபட்டுச் சிதைகிற பொருள். பெரும்பாலான கூடாரங்களின் உட்பூச்சும் அந்தப் பாலியூரித்தேன் குடும்பம்தான். நனைந்த கூடாரத்தைச் சுருட்டிப் பையில் அடைத்து, மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் போட்டால், அடுத்த முறை பிரிக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, வாந்தி நாற்றத்தோடு வரும். அதற்கு மருந்து இல்லை. சிலிக்கான் பூசிய துணிக்கு இந்த நோய் கிடையாது. ஆனால் அதன்மேல் தையல் பட்டை ஒட்டாது, தையல் நெடுக நாமே திரவம் தடவ வேண்டும். பாலியெஸ்டரா நைலானா என்ற வழக்கில் இவ்வுரை பாலியெஸ்டர் பக்கம். நைலான் நனைந்தால் நீண்டு தொய்யும், தொய்ந்தால் மேலே சொன்ன கையளவு இடைவெளி போயிற்று. வெயிலையும் பாலியெஸ்டர் கூடுதலாகத் தாங்கும். வேலூர் வெயில் என்றதும் இதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை.

தையலியல். கூடாரம் துணியில் கிழிவது அரிது, தையலில் போவதே பெரும்பான்மை. இங்கே தோல் நாட்டாருக்கு உலகில் யாருக்கும் இல்லாத வசதி. வீட்டுக்கு ஒரு பெண்ணாவது ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைத்திருக்கும் தெருக்கள் இங்கே உண்டு. கூடாரம் வாங்கப் போகும்போது மச்சானை விட்டுவிட்டு அக்காவையோ அத்தையையோ கூட்டிக்கொண்டு போவதே உத்தமம். அவர் பார்ப்பது இவை. ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று மடிந்து இரட்டைத் தையல் ஓடியிருக்கிறதா, வெறும் விளிம்பைச் சேர்த்து ஒற்றையாக அடித்ததா. ரோமானியரும் கூடாரத் தோலை ஏற்றி மடித்தே தைத்தார்கள், மழை அப்போதும் மேலிருந்துதான் பெய்தது. அங்குலத்துக்குச் சுமார் 8 முதல் 10 தையல் நலம். மிக நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று நினைப்பவர் மேல்பாகம் தைத்து அறியாதவர். ஊசித்துளைகள் கூடக்கூட அந்த வரிசையிலேயே கிழிய வழி பிறக்கும். இழுவிசை விழும் மூலைகளில் பார்டேக் என்னும் நெருக்கத் தையல் போட்டிருக்கிறதா, கூடுதல் துண்டு வைத்துத் தைத்திருக்கிறதா. தோலுக்கு வயிறு எப்படித் தளர்ந்த இடமோ, கூடாரத்துக்குத் தரை மூலை நான்கும் அப்படி. முதலில் தடவ வேண்டியது அங்கே.

பழுது பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம். கிழிந்த கூடாரத்தைப் பஜாரில் பை தைப்பவரிடமோ செருப்புத் தைப்பவரிடமோ கொடுத்தால் அன்போடு உடனே தைத்துத் தருவார். மெஷினில் இருப்பது தோல் ஊசி. அதன் முனை வெட்டிக்கொண்டு இறங்குவது, தோலுக்கு அப்படித்தான் வேண்டும். மெல்லிய துணியில் அது நூலை அறுத்துக்கொண்டே போகும். "அண்ணே, துணி ஊசி மாத்திட்டுத் தைங்க" என்ற ஒரு வரிதான் கூடாரத்தின் ஆயுளில் ஐந்து வருடம். தைத்த பின் துளைகளுக்குத் திரவம் தடவியாக வேண்டும்.

ஜிப்பில் பல் போவது குறைவு, ரன்னர்தான் முதலில் தேயும். செம்மண் தூசி அதற்கு அரத்தூள். எண் 3 ஜிப் உள்வலைக்கே மெல்லியது, வெளிக்கதவுக்கு 5க்குக் குறையக்கூடாது, 8 என்றால் தாராளம். ரன்னர் மாற்ற இந்த ஊரில் ஆள் தேட வேண்டியதில்லை.

கோல்கள் இருவகை. கண்ணாடியிழைக் கோல் நெடுக்காகப் பிளந்து சிலாம்பு கையில் ஏறும். அலுமினியக் கோல் வளையும், நிமிர்த்தலாம், உடைந்தாலும் ஒரு சிறு குழாயைச் செருகிக் காலைவரை ஓட்டலாம். அந்தக் குழாய் பையோடு வருகிறதா என்று கேட்டுப் பார்த்தால் கடைக்காரர் எந்த வகை என்பதும் தெரிந்துவிடும்.

எடையைப் பற்றிக் கிராம்வாதியர் எழுதிய சாத்திரம் கடல். ஒரே வரியில் முடிப்போம்: இரண்டு கிலோ, இரண்டரை வரை பொறுக்கலாம், இருவர் பிரித்துச் சுமக்க. ஒரு கிலோவுக்குக் கீழே போனால் துணி மெலியும், கதவு குறையும், விலை ஏறும்.

ஆக, மேசையில் முதல் தரம் விழுவது இதற்கு: குவி உருவம், முழு வலை உள்கூடு, தரையைத் தொடாமல் சற்றே தூக்கி நிற்கும் பாலியெஸ்டர் போர்வை, இரண்டு கதவு, அலுமினியக் கோல், மடித்த இரட்டைத் தையல். சீட்டில் 'மூவர்' என்று எழுதியிருந்து எடையும் அடங்கினால் இன்னும் நலம். வலை உள்கூட்டில் குளிரும் என்பார் உளர். ஏலகிரி ஆயிரம் மீட்டர் சொச்சம் உயரம்தான். மார்கழியில் ஒரு கம்பளி கூடுதலாக எடுத்துப் போனால் தீரும் குறையை மற்ற பதினோரு மாதமும் புழுங்கித் தீர்க்க வேண்டாம்.

நூலின் இறுதியில் புறனடை சொல்வது மரபு. மேற்சொன்ன விதிகளுக்குள் அடங்காதவர்கள் உளர். அறுவடை முடிந்த நெல் வயல்களில் வாத்து மேய்த்தபடி ஊர் ஊராகப் போகிறவர்கள் நான்கு வளைந்த குச்சியும் ஒரு பிளாஸ்டிக் படுதாவும் வைத்து, இரு பக்கமும் திறந்த கூடாரத்தில் மாதக்கணக்கில் இருக்கிறார்கள். வியர்வையியலை எழுதாமலே கரைத்துக் குடித்தவர்கள். பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறுகிறவர்கள் கூடாரமே எடுப்பதில்லை, இரவு முழுதும் நடக்கிறார்கள்.

இனி இடம். விரித்துப் படுக்க ஒரு நிலம் வேண்டும், இவ்வட்டார மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் மாண்ட பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் இறுகின, அதில் வேடிக்கை பேச ஒன்றுமில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இரவு தங்கலாகாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 40 மலையேற்றத் தடங்களும் பெரும்பாலும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்புபவை. பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திரத்தின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் எல்லை பார்க்காமல் வந்துபோகும், அங்கே எந்தத் தரத்துத் துணியும் சுவராகாது. மிஞ்சுவது பட்டா நிலம். புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டப்பட்ட 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, ஏலகிரியில் நிலாவூர்ப் பக்கம் ஒரு தோட்டக்காரரிடம் பேசி, வாடகை கொடுத்து, நம் இரண்டு கிலோவை இறக்கி வைக்கும்போது அடுத்த தோட்டத்தில் ஏற்கெனவே ஒரு கூடாரம் நின்றுகொண்டிருக்கும். சிமென்ட் தளம் போட்டு, உள்ளே கட்டில், மெத்தை, சார்ஜர், ஃபேன். காலை டிபனும் உண்டு. அது கட்டில் என்னும் ஆறாம் வகை. அதற்கு இலக்கணம் எழுத இந்நூலாசிரியனுக்கு அதிகாரம் இல்லை, முன்பணம் கட்டிய பின் வேண்டுமானால் பார்க்கலாம்.